சுண்டெலியின் மூக்கு

பெரியண்ணன் வீட்டு ஞானஸ்நான விருந்தில் பெஞ்சமின் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கவனித்தது அவன் மனைவி சுகிர்தா மட்டும்தான். மற்றவர்கள் கண்ணுக்கு அது கொஞ்சலாகவே தெரிந்தது. குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. பிறகு அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் இரண்டு வார்த்தை. அப்பாவின் தோளில் கை போட்டு இரண்டு வார்த்தை. அங்கேயும் யாருக்கும் தெரியாமல் ஓர் இழுப்பு. பிறகு அடுத்த குடும்பம். அலுவலகத்தில் தேநீர்க் கோப்பைகளின் வரிசையில் எப்படி நகர்வானோ, அப்படியே பந்தலுக்குள் நகர்ந்துகொண்டிருந்தான். அவன் தட்டில் பிரியாணி ஆறிப்போய்க் கிடந்தது.

கடைசியாகத் தன் மகள் மிரியத்தைக் கூப்பிட்டான். ஒன்பது வயதுக்காரி, வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து மடியில் விழுந்தாள். அவள் தலையில் முகத்தைப் புதைத்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது எதிரே நின்ற சுகிர்தாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நல்லது எதுவும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குத் திரும்பும் வழியில் மிரியம் பின்சீட்டில் தூங்கிப்போனாள். வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே பெஞ்சமின் கேட்டான்.

“சுகி, கோயம்புத்தூர் கிளினிக்குக்கு உன்ன அன்னைக்கு யாரு கூட்டிட்டுப் போனது?”

“எந்தக் கிளினிக்?”

“மிரியம் பொறக்கணும்னு ட்ரீட்மென்ட்டுக்குப் போனமே, அது. கடைசி நாள்ல நான் கல்கத்தால இருந்தேன்ல.”

“தயாநிதி. என் கூடக் காலேஜ்ல படிச்சாரே. உங்களுக்கே தெரியுமே.”

“ம். வேற யாரெல்லாம் இருந்தாங்க?”

“இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“சும்மாதான் கேட்டேன்.”

சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை அவன். சுகிர்தா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு இந்த மூக்கைக் கொடுத்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு முன்னால் ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர்களில் பெஞ்சமினுக்கு நல்ல பெயர். கரண்டியில் தேநீரை எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு, இது எந்தச் சரிவில் விளைந்த இலை, எந்தத் தொழிற்சாலையில் அரைத்தது, அதில் வேறு எந்தத் தோட்டத்து இலை கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதில் பாதிக்கு மேல் மூக்கின் வேலை. ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்கும் வந்த காய்ச்சல்தான். எல்லோருக்கும் போலவே அவனுக்கும் சரியாகிவிட்டது. மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. காபிப்பொடி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை விட்டபடி அவன் உட்கார்ந்திருப்பதைச் சுகிர்தா பலமுறை பார்த்திருக்கிறாள். கம்பெனி அவனைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றியது. அவன் பேச்சைக் குறைத்தான். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான்.

சுகிர்தாவின் வேலை வேறு. ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் அவள் புரதங்கள் செய்தாள். சுண்டெலியின் மரபணுத் துண்டு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால், அது தன் சொந்த வேலையை விட்டுவிட்டு அந்தப் புரதத்தைச் செய்து தள்ளும். அதைச் சுத்தம் செய்து, உறைய வைத்து உலர்த்தினால் கண்ணாடிப் புட்டியின் அடியில் வெள்ளைத் தூசு போல ஒட்டிக்கொண்டிருக்கும். நரம்புகளை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி அது. உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்பவர்கள் வாங்குவார்கள். ஒவ்வொரு புட்டியிலும் ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்து ஒட்டுவது வழக்கம். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவளே சுகிர்தாதான்.

மணம் அறியும் நரம்பு செத்துப்போன சுண்டெலிகளுக்கு அந்தக் காரணியைச் சொட்டு மருந்தாக மூக்கில் விட்டபோது, சில வாரங்களில் அவை பாலாடைக் கட்டியை ஒளித்து வைத்த இடத்துக்கு நேராக ஓடின. அன்று மாலை அவள் கைப்பையில் ஒரு புட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“சுண்டெலியோடதா?” என்று பெஞ்சமின் கேட்டான். “மனுஷனோடது செய்ய முடியாதா?”

“அதையும் செஞ்சு பாத்தோம். ஒண்ணும் முளைக்கல. சுண்டெலியோடது கொஞ்சம் வேற மாதிரி மடிஞ்சிருக்கு. நரம்ப எழுப்பறது அதுதான்.”

“எழுப்பிட்டு வேற ஏதாவது பண்ணுமா?”

“தெரியாது. அதனாலதான் மனுஷங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கோம். வேணாம்னா வேணாம்.”

அவன் தலையைப் பின்னால் சாய்த்து மூக்கைக் காட்டினான். அன்றிலிருந்து தினமும் இரண்டு சொட்டு; புட்டியை ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் வைத்தாள்.

மணம் ஒரு காலை வேளையில் வந்தது. ஈரமான யூகலிப்டஸ் பட்டையின் வாசம் ஜன்னல் வழியாக வந்ததாம். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த மாதமே ருசி பார்க்கும் மேஜைக்குத் திரும்பினான். சுகிர்தா தன் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு வந்தவைதான் விசித்திரம். ஒருநாள் மதியம் சாப்பிட வந்தவன், “இன்னைக்குத் தேயிலைச் சாம்பிள் கொண்டு வந்த ஏஜென்ட் பயந்துட்டிருந்தான்” என்றான். முகத்தைப் பார்த்தா தெரிந்தது என்று அவள் கேட்டாள். “இல்ல, அவன் சிரிச்சுட்டுத்தான் இருந்தான். பயத்துக்கு ஒரு வாடை இருக்கு சுகி. பித்தளையக் கையில தேச்ச மாதிரி.” அந்தத் தூளைச் சோதித்தபோது சாயம் கலந்திருந்தது. இன்னொரு நாள், மேல் வீட்டு அக்காவை டாக்டரைப் பார்க்கச் சொல் என்றான். அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சுகிர்தாவுக்கு ஒரு பக்கம் விஞ்ஞானியின் சந்தோஷம். இன்னொரு பக்கம், இவன் பக்கத்தில் உட்காரும்போது நம்மிடமிருந்து என்னென்ன வாடை போகிறதோ என்ற கூச்சம். குளித்துவிட்டு வந்து அவன் அருகில் படுக்க ஆரம்பித்தாள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

இப்போது ஞானஸ்நான விருந்து, அந்தப் பார்வை, இந்தக் கேள்வி.

விருந்துக்குப் பிறகு பெஞ்சமின் வீட்டில் ஓர் அந்நியன் மாதிரி நடந்துகொண்டான். மிரியத்திடம் அவனுக்குப் பாசம் குறையவில்லை. தனியாக இருக்கும்போது அவளை மடியில் வைத்துக் கதை சொன்னான். ஆனால் சுகிர்தா அவளை அணைத்துக்கொண்டால், தலை வாரிவிட்டால், அவன் எழுந்து வெளியே போய்விடுவான். ஒருநாள் தாயும் மகளும் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அறை வாசல் வரை வந்தவன், அடிபட்டவன் மாதிரி நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

“அப்பாக்கு நம்ம மேல கோவமாம்மா?” என்றாள் மிரியம்.

“இல்லடா. ஆபீஸ்ல ஏதோ.”

இன்னொரு நாள் அவன் கேட்டான்: “தயாநிதி இப்ப எங்க இருக்காரு?”

“துபாய்ல. ஏன், போன் போட்டுக் கேக்கணுமா?”

“என்னத்த?”

“அது உங்களுக்குத்தான் தெரியும்.”

அவன் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டான்.

அந்த வாரத்தில் ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் கோதண்டம் அவளை எலிக் கூண்டுகள் இருக்கும் அறைக்கு அழைத்தார். அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், பேச்சில் எப்போதும் நிதானம். மூக்குச் சொட்டு மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அரசு அனுமதி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தார். பெஞ்சமின் விஷயம் அவருக்குத் தெரியாது.

“இதப் பாருங்க, வேடிக்கை” என்றார். “சாதாரணமா ஒரு தாய் எலிகிட்ட வேற குட்டியக் கொண்டு போய் வச்சா, அது பாட்டுக்குப் பால் குடுக்கும். நம்ம மருந்து போட்ட தாய் என்ன பண்ணுது பாருங்க.”

கூண்டுக்குள் தாய் எலி குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தது. ஒன்றைக் கவ்வி எடுத்துப்போய்க் கூட்டுக்கு வெளியே போட்டது. திரும்பி வந்து மற்றவற்றின் மேல் படுத்துக்கொண்டது.

“வெளிய போட்டது அதோடது இல்ல” என்றார் கோதண்டம். “மூக்கோட நடுச்சுவருக்கு அடியில ஒரு சின்னப் பை இருக்குல்ல, சொந்தபந்தத்தக் கண்டுபிடிக்கறது. அது ரெண்டு மூணு மடங்கு வளந்திருக்கு.”

“மனுஷனுக்கும் அந்தப் பை இருக்கே சார்.”

“இருந்து என்ன? பொறக்கறதுக்கு முன்னாலயே சுருங்கிப் போயிடுது. நரம்பே கிடையாது.”

“நரம்பு இல்லாத இடத்துல நரம்ப வளக்கறதுக்குத்தானே சார் இந்த மருந்து.”

கோதண்டம் சிரித்தார். சுகிர்தா கூண்டுக்கு அருகே குனிந்தாள். கூட்டுக்கு வெளியே கிடந்த குட்டி, கண் திறக்காமல், இளஞ்சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தது. பெஞ்சமின் பந்தலுக்குள் என்ன செய்துகொண்டிருந்தான் என்று இப்போது விளங்கிவிட்டது. அப்பாவை, அம்மாவை, குழந்தையை முகர்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். எல்லாக் குடும்பத்திலும் கணக்கு சரியாக வந்திருக்கிறது. தன் குடும்பத்தில் வரவில்லை. அதனால்தான் தயாநிதி.

வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டாள். மிரியம் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

“உங்களுக்கு என் மேல சந்தேகமா?”

“என்ன சுகி இது.”

“மூக்க வச்சு என்ன கண்டுபிடிச்சீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க.”

அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “நான் மருந்த நிறுத்திட்டேன்” என்றான். “விருந்துக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே. இப்பக் கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டு வருது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணும் இருக்காது.”

“வேலை?”

“போனாப் போகட்டும்.”

“அப்படி என்ன தெரிஞ்சுது உங்களுக்கு? வேலை போனாலும் பரவாயில்லைன்னு?”

“ஒண்ணும் தெரியல. விட்டுரு. கெஞ்சிக் கேக்கறேன், விட்டுரு.”

மன்னித்துவிட்ட மாதிரி அவன் பேசியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு காலமெல்லாம் அவன் எதிரில் நடமாட வேண்டுமா? அவன் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கெஞ்சுகிறவனை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவள் ஆய்வகத்துக்குப் போனாள். காவலாளியைத் தவிர யாரும் இல்லை. பள்ளிக்கூட புராஜெக்ட் என்று சொல்லி மிரியத்தின் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்திருந்தாள். பெஞ்சமினுடையது பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து. குழந்தையின் மரபணுவில் தாயிடமிருந்து வந்ததைக் கழித்துவிட்டால் மீதியெல்லாம் தகப்பனிடமிருந்து வந்தது. அந்தக் கழித்தலுக்காகத் தன்னுடையதையும் எடுத்தாள். அது வெறும் சம்பிரதாயம். முடிவை அச்சிட்டுக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வாரமாவது அவனோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தாள்.

மதியத்துக்குப் பிறகு திரையில் மூவரின் மரபணுக் கோடுகள் வந்தன. மிரியத்தின் கோடுகளும் பெஞ்சமினின் கோடுகளும் ஒவ்வோர் இடத்திலும் பொருந்தின. அவன் மகளேதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகுதான் தன் கோடுகளைப் பார்த்தாள்.

பஞ்சுக் குச்சி மாறிப்போயிருக்கும் என்று நினைத்தாள். தன் கன்னத்தில் திரும்பவும் எடுத்து, திரும்பவும் ஓட்டினாள். இரண்டாம் முறையும் அதே கோடுகள். மிரியத்திடம் பெஞ்சமின் இருந்தான். மற்ற பாதி வேறு யாரோ. சுகிர்தா எங்கேயும் இல்லை.

எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. காவலாளி வந்து, “மேடம், கேட்டப் பூட்டலாமா?” என்று கேட்டபோது எழுந்தாள்.

பெஞ்சமின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. மிரியம் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். இருவரும் சமையலறையில் போய் நின்றார்கள்.

“டெஸ்ட் பண்ணிட்டியா?”

“நீங்க என்னச் சந்தேகப்படறீங்கன்னு நெனச்சேன்.”

“ஐயோ சுகி.”

“என்னதான் தெரிஞ்சுது உங்களுக்கு? இப்பவாவது சொல்லுங்க.”

அவன் மேடையில் கையை ஊன்றிக்கொண்டான். “கலப்புத் தேயிலை குடிச்சா அதுக்குள்ள எந்தெந்தத் தோட்டம் இருக்குன்னு தனித்தனியாத் தெரியும்ல, அந்த மாதிரிதான். எங்க அண்ணன் பிள்ளைங்ககிட்ட அண்ணன் இருக்கான், அண்ணி இருக்காங்க. எல்லார் வீட்லயும் அப்படித்தான். மிரியத்துகிட்ட நான் இருக்கேன். நல்லாத் தெரியறேன். உன்னத் தேடினேன். எம் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சேன். அதனாலதான் அன்னைக்கு அத்தனை பேரையும் மோந்து பாத்தேன். என் மூக்கு தப்பா இருக்கணும்னு கர்த்தர்கிட்ட வேண்டிட்டுப் பாத்தேன்.”

“தயாநிதியப் பத்தி ஏன் கேட்டீங்க?”

“அன்னைக்கு அந்தக் கிளினிக்ல வேற எந்தப் பொம்பளைங்க இருந்தாங்கன்னு அவருக்கு ஞாபகம் இருக்கும்னுதான். அங்க உன் முட்டையும் வேற ஒருத்தியோட முட்டையும் மாறிடுச்சு சுகி. நீ எம் பக்கம் திரும்பி, சந்தேகமான்னு கேட்டப்ப, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். என் மேல கோவமா இருந்துட்டுப் போ. இது உனக்குத் தெரியவே வேணாம்னு இருந்தேன்.”

அவன் தன்னைச் சந்தேகிப்பதாக நம்பிய நாட்களையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. “நீங்க ரெண்டு பேரும் சேந்து கட்டிப்பிடிச்சிருக்கறதப் பாத்தா தாங்க முடியல” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது தூரத்தில் கேட்பது போல இருந்தது.

அந்தக் கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடை. அந்த டாக்டர் இறந்துபோய்ப் பல வருடங்கள். கூடத்தில் தன்னோடு காத்திருந்த இரண்டு பெண்கள் சுகிர்தாவுக்கு நினைவுக்கு வந்தார்கள். ஒருத்தி வாய் திறக்கவே இல்லை. இன்னொருத்தி மேட்டுப்பாளையம் பக்கம் என்றாள். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியைச் சுகிர்தாவுக்குக் கொடுத்தாள். நமக்கெல்லாம் ஒரே நாளில் பிறக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

மிரியம் ஓடி வந்தாள். முழங்கால் முழுக்கச் சேறு. “அம்மா பசிக்குது” என்றாள். சுகிர்தா அவளைப் பார்த்தாள். நெற்றி பெஞ்சமினுடையது. காதும் அவனுடையது. தன்னுடையது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்லும் அந்த மேலுதட்டு வளைவை உற்றுப் பார்த்தாள். அந்த உதடு யாருடையது? ஆரஞ்சு உரித்தவளுடையதா, வாய் திறக்காதவளுடையதா? “ஏம்மா அப்படிப் பாக்கறே?” என்று பிள்ளை ஒரு அடி பின்னால் போனாள். சுகிர்தாவுக்குச் சுரீரென்றது. இழுத்து அணைத்துக்கொண்டு தலைமுடியில் முகத்தை வைத்தாள். தேங்காயெண்ணெய் வாசம், புழுதி வாசம். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பெஞ்சமின் இந்த முறை வெளியே போகவில்லை.

மறுநாள் காலை அவள் நேராகக் கோதண்டத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். புட்டியை எடுத்துப்போனது முதல் நேற்றைய கோடுகள் வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“என்னைய வேலைய விட்டு எடுத்துருங்க சார். ஆனா இந்தச் சோதனைய நிறுத்துங்க. எத்தன வீட்டுல எத்தன ரகசியம் இருக்கும்? மூக்கு வேணும்னு வர்றவங்களுக்கு நாம எதக் குடுக்கப்போறோம்?”

“மூக்கு போனவங்க எத்தனை பேர் காத்துட்டிருக்காங்க தெரியுமா? கேஸ் கசியறது தெரியாம ஒரு வீடே போச்சு போன மாசம். அவங்களுக்கு என்ன பதில் சொல்ல?”

“தெரியல சார். ஆனா இதச் சொல்லாமக் குடுக்கக் கூடாது.”

“சொன்னா நிறுத்திருவாங்க.”

“நிறுத்தட்டும்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களைப் பார்த்தார். சோதனையைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியுதாம்மா?” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

“எது சார்?”

“அந்த… கணக்கு. யாரு யாரோடதுன்னு.” மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். “என் பையன் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரான். அவர ஒரு தடவ வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்களேன். ஒரே ஒரு தடவ. அவனுக்கும் தெரிய வேணாம், யாருக்கும் தெரிய வேணாம். அவங்க அம்மா இப்ப இல்ல. இனிமே கேக்கறதுக்கும் ஆளில்ல எனக்கு.”

இத்தனை வருடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டிருந்தாரா? அவளுக்கு அருவருப்பும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

“போயிடுச்சு சார்” என்றாள். “மருந்த நிறுத்தியாச்சு. அவருக்கு எதுவும் தெரியல.”

“திரும்பக் குடுத்தா வருமில்ல?”

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவர் சோதனையை நிறுத்தமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அனுமதி கொடுத்த டெல்லி அலுவலகத்துக்கு வராந்தாவில் நின்றுகொண்டே போன் செய்தாள். தன் பெயரைச் சொல்லி, தான் செய்ததையும் சேர்த்துச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் விசாரணைக்கு ஆள் வருவார்கள் என்றார். அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

நிம்மதி மாலையில் பஸ் ஏறும் வரைதான். பள்ளிக்கூடம் விடும் நேரம். அடுத்த நிறுத்தத்தில் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக ஏறின. மிரியத்தின் வயதில் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்தது. சுகிர்தாவின் தங்கைக்கு விழுகிற மாதிரியே. சுகிர்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கியதும் அடுத்தவளைப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தியை. தன் முட்டையில் பிறந்த பிள்ளை எங்கேயோ இருக்கலாம்; மேட்டுப்பாளையம் ஒன்றும் தூரமில்லை. அங்கே எத்தனை பள்ளிக்கூடம் இருந்துவிடும்? விடுகிற நேரத்துக்கு வாசலில் பெஞ்சமின் வந்து நின்றால் போதும். பிள்ளைகள் அவனைக் கடந்து போனால் போதும். எதையும் உரிமை கொண்டாட வேண்டாம். எங்கே இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரிந்தால் போதும்.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜைத் திறந்தாள். முட்டைத் தட்டுக்குப் பின்னால் புட்டி இல்லை. தயிர்க் கிண்ணத்தை நகர்த்திப் பார்த்தாள். கீழ்த்தட்டில் பார்த்தாள்.

“ஊத்திட்டேன்” என்றான் பெஞ்சமின். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“எப்போ?”

“காலைல. நீ கெளம்பிப் போனதும்.”

“நான் தேடுவேன்னு எப்படித் தெரியும்? இன்னும் வாடை வருதா உங்களுக்கு?”

“வாடையா?” அவன் களைப்பாகச் சிரித்தான். “காபி வாசமே வரல. இத்தன வருஷமா உன் கூடக் குடித்தனம் பண்றேன் சுகி. அங்க போய் நிறுத்தச் சொல்லுவேன்னும் தெரியும். திரும்பி வந்து என்கிட்டக் கேப்பேன்னும் தெரியும்.”

அவள் ஃபிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள். “உங்களுக்கு உங்க பொண்ணு இருக்கா. எனக்கு?”

அவள் அவன் முகத்தைத் துருவிப் பார்த்தாள். அவளுக்காகக் கொட்டினானா? யாரோ ஒருத்தி ஒருநாள் வந்து மிரியம் என்னுடையவள் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், தனக்காகக் கொட்டினானா? அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவனுக்கே தெரியுமோ என்னவோ.

கூடத்திலிருந்து மிரியம் கத்தினாள். “அம்மா, ஓவியப் போட்டிக்கு நாளைக்குள்ள பேர் குடுக்கணுமாம். கையெழுத்துப் போடும்மா. அப்பா போட்டா மிஸ் ஒத்துக்க மாட்டாங்க, டைரியில இருக்கற அம்மா கையெழுத்துதான் வேணுமாம்.”

சுகிர்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பெஞ்சமினைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குப் போய், “எங்கடி பேனா?” என்றாள்.